மாடிக்கு வரும் வெளிநாட்டுக் குடும்பம்: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, உன் மாடிப் போர்ஷனுக்கு அடுத்த மாதம் ஒரு ஜெர்மன் குடும்பம் குடிவரப் போகிறது என்று போனில் சொன்னாய். கணவருக்குச் சிறுசேரி சிப்காட்டில் வேலை. கூட மனைவி, ஒரு பையன், ஒரு பெண். "அக்கா, அவங்களுக்குக் காரம் போடாம என்ன செஞ்சு தர்றது?" என்பதுதான் உன் முதல் கேள்வி. சாப்பாட்டை இப்போதைக்கு விடு. நம் கோவளத்தில் எங்கள் மாடியில் கொரியாக்காரர்கள் இருந்திருக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். பார்த்துப் பழகியதில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். வருகிறவர்களை விருந்தாளியாக நடத்தினால் வருஷம் ஓடினாலும் அவர்கள் விருந்தாளியாகவே இருப்பார்கள். கடைக்குப் போகத் தெரியாது, தண்ணி கேனுக்குச் சொல்லத் தெரியாது, எல்லாவற்றுக்கும் உன் கதவைத் தட்டுவார்கள். இரண்டு பக்கமும் சலித்துப் போகும். குடித்தனக்காரராக நடத்து. ஊரைப் பற்றி உள்ளதை உள்ளபடி முதலிலேயே சொல்லிவிடு. மீதியை அவர்களே செய்துகொள்வார்கள்.

முதலில் காகிதம். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே நீ முடிக்க வேண்டிய வேலை இது. வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அரசுக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். 'சி ஃபார்ம்' என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவருக்கான பழைய சட்டங்கள் போய்ப் புதிய சட்டம் வந்துவிட்டது, ஆனால் இந்தக் கடமை அப்படியேதான் இருக்கிறது. லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நம்பாதே. வீட்டுக்கும் உண்டு. இதற்கு உன் பெயரில் யூசர் ஐடி வாங்க வேண்டும், அதை அதிகாரிகள் சரிபார்த்துத் தருவதற்கு நாளாகும். குடும்பம் வாசலில் பெட்டியோடு நிற்கும்போது தொடங்கினால் 24 மணி நேரம் போதாது.

அடுத்தது அவர்கள் செய்யவேண்டியது. 180 நாளுக்கு மேல் தங்கும் வேலை விசாக்காரர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோட்டில், சாஸ்திரி பவனில் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். அதற்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். பேங்க் அக்கவுண்டுக்கும் அதே ஒப்பந்தம், சிம் கார்டு வாங்கவும் உள்ளூர் விலாசம். உன் ஒரு கையெழுத்து தாமதமானால் அவர்கள் வாழ்க்கை மொத்தமும் நின்றுபோகும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கலாமா என்றும் கேட்டாய். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் அமலுக்கு வந்த நம் மாநில வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. நீ மூன்றோடு நிறுத்திக்கொள். வெள்ளைக்காரர்கள் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுவார்கள் என்பதற்காக அதிகம் வாங்குவது நமக்கு அழகில்லை.

விலாசத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பின்கோடு 603112, செங்கல்பட்டு மாவட்டம் என்று சேர்த்து, ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வை. இல்லையென்றால் அவர்கள் அம்மா அனுப்பும் பார்சல் கேரளாவுக்குப் போகும், பார்க்க வரும் மச்சான் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடுவார். அங்கே இருக்கும் கோவளம்தான் வெளியுலகுக்கு முதலில் தெரியும். கேளம்பாக்கத்தையும் கிளாம்பாக்கத்தையும் கூடத் தெளிவாகச் சொல்லிவை. ஒன்று நம் பக்கத்து ஊர், காய்கறி வாங்கும் இடம். மற்றது வண்டலூருக்குப் பக்கத்தில் 2023 கடைசியில் திறந்த பெரிய பஸ் நிலையம். பாஷை தெரியாதவர் ஆட்டோவில் ஏறி ஒன்றுக்கு மற்றொன்றைச் சொன்னால் பையும் பிள்ளையுமாகத் தவித்துப் போவார்.

வீட்டுக்குள் வா. தண்ணீரைப் பற்றி வாய்திறந்து சொல். போர் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காது, குழாயில் வெள்ளை படியும், வாஷிங் மெஷின் சீக்கிரம் பழுதாகும். பார்த்தால் தெளிவாக இருக்கும், அதனால் குழந்தை டம்ளரில் பிடித்துக் குடித்துவிடும். குடிக்கவும் பல் தேய்க்கவும் கேன் தண்ணி அல்லது ஃபில்டர் தண்ணி என்று முதல் நாளே காட்டு. பக்கத்து நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, 2024-ல் இன்னொன்றும் சேர்ந்தது. அந்தத் தண்ணீர் குழாய் வழியாகத் தென்சென்னைக்குப் போகிறது. 'கடலோரத்தில் ஆலையும் இருக்கிறது, நம் வீட்டில் ஏன் உப்புத் தண்ணி?' என்று அந்த ஜெர்மன்காரர் கேட்காமல் இருக்க மாட்டார். பதிலைத் தயாராக வைத்துக்கொள்.

கரண்ட் கணக்கு அவர்களுக்குப் புதிராக இருக்கும். நமக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே வேறு. மே மாதம் மூன்று ஏசி ஓடினால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷத்து பில்லை எடுத்துக் காட்டு. மாடிக்குத் தனி மீட்டர் இருந்தால் நல்லது. சப் மீட்டர்தான் என்றால், யூனிட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுது. அவர்கள் நாட்டு இரண்டு முள் பிளக் நம் சாக்கெட்டில் நுழையும், ஆனால் தளர்ந்து நிற்கும், பொறி கிளம்பும். ஹீட்டர், கெட்டில் எல்லாம் பவர் பிளக்கில்தான் போட வேண்டும் என்று சொல். டாய்லெட்டில் காகிதம் போடுவது அவர்கள் பழக்கம். நமக்குச் செப்டிக் டேங்க். மூடி போட்ட சின்னக் கூடை ஒன்று வைத்து, கூச்சப்படாமல் விஷயத்தைச் சொல்லிவிடு. சிலிண்டரை மாற்றுவதை நீயே செய்துவிட்டு வராதே. ரெகுலேட்டரை அவர்கள் கையால் போடவைத்து, சோப்புத் தண்ணி தடவி கசிவு பார்ப்பது வரை பழக்கு. ஜன்னலுக்குக் கொசு வலை அடித்துவிடு. ஐப்பசி மழையில் டெங்கு கொசு பகலில் கடிக்கும், அவர்களுக்கு அது தெரியாது.

இனி கடல். இதைப் பற்றி நீ எவ்வளவு பேசினாலும் தகும்.

அந்தப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் மீன் மாதிரி நீந்தியிருப்பார்கள். அதுதான் ஆபத்து. நம் கடலின் இழுப்பு அவர்களுக்குத் தெரியாது. கரையில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ளும், நடுவில் ஒரு இடம் மட்டும் சாதுவாக, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். தெரியாதவர்கள் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுத்து இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் போகும் வழி அது. முதல் வாரத்திலேயே ஒரு காலையில் குடும்பத்தை அழைத்துக்கொண்டு போய், தெரிந்த மீனவர் ஒருவரைக் கூப்பிட்டு, கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டச் சொல். வாயால் சொன்னால் பதியாது, கண்ணால் பார்க்க வேண்டும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பைத் தாண்டியபின் அலையோடு வர வேண்டும். இதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும்வரை விடாதே.

குளிப்பதற்கென்று வேலி போட்டு, காவலுக்கு ஆள் போட்ட பகுதி நம் ஊரில் இருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை அதுதான். பிள்ளைகள் அங்கே மட்டும் இறங்கட்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் வேறு முகம் காட்டும். அப்போது முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். சொறி மீன் ஒதுங்கும் நாட்களில் ஈர மணலில் பளபளப்பாகக் கிடப்பதைக் குழந்தை கையில் எடுக்கும், சொல்லி வை. பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, கடல் தண்ணியாலேயே அலம்பிவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பையனுக்கு அலைச்சறுக்கு ஆசை நிச்சயம் வரும். நம் ஊர் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் தொடங்கிய பள்ளியில் சேர்த்துவிடச் சொல். இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள்தான் அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஜெர்மன் பையனுக்குப் பலகையில் நிற்கவும் வரும், கூடவே நம் குப்பத்துப் பிள்ளைகள் சிநேகிதமும் கிடைக்கும். இரண்டாவதுதான் அவனுக்கு அதிகம் தேவை. சர்வதேசப் பள்ளியில் சேர்த்தால் அவன் காலையில் ஈசிஆர் நெரிசலில் தரமணி வரை வேனில் போய்வந்து, வீட்டில் இறங்கும்போது வாடிப்போயிருப்பான். தெருவில் விளையாட ஆள் இல்லாவிட்டால் இந்த ஊரை வெறுத்தே விடுவான்.

உடுப்பைப் பற்றியும் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை. நீச்சல் உடுப்பு கடலுக்குள்ளும் குளிக்கும் பகுதியிலும் சரி. குப்பத்துத் தெரு வழியாக, தர்கா வாசல் வழியாக, மாதா கோயில் முன்னால் நடந்து வரும்போது மேலே ஒரு குர்தா போட்டுக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குறை சொல்வதுபோல் சொல்லாதே. பெண்ணுக்குப் பெண் சொல்லும் தகவலாகச் சொல். தெரியாமல் போய் முறைப்பு வாங்குவதைவிட முன்னாலேயே தெரிந்துகொள்வதைத்தான் அவர்கள் விரும்புவார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட ராத்திரி கரையேறும். கடல் பக்கம் இருக்கும் உன் மாடி விளக்கை அந்த மாதங்களிலும், அதன்பின் குஞ்சு பொரித்து வெளிவரும் வாரங்களிலும் அணைத்து வைக்கச் சொல். வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போய்விடும். இதைக் கேட்டால் அந்தப் பெண் குழந்தையே விளக்கு அணைக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் பார்.

மீன் வாங்குவதற்கு நீயே பையோடு போய் வாங்கி வந்து தராதே. ஒரே ஒருமுறை கூட அழைத்துக்கொண்டு போ. விடியலில் படகு கரையேறியதும் மணலிலேயே ஏலம் நடக்கும், கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூறு கட்டி விற்க உட்காருவார்கள். எங்கள் மாடியில் இருந்த பிரெஞ்சுப் பெண்ணை அப்படித்தான் அழைத்துப் போனேன். மீன்காரம்மா ஒரு சங்கராவை எடுத்து, கட்டை விரலால் செவுளைத் தூக்கி, உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்ததை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பிறகு பக்கத்துக் கூறிலிருந்து ஒரு பழைய மீனை எடுத்து அதன் செவுளையும் திறந்தார். பழுப்பு. அவள் விரலைப் பிடித்து இரண்டின் முதுகிலும் அழுத்த வைத்தார், ஒன்று விரலைத் தள்ளியது, மற்றதில் குழி விழுந்தது. பாஷையே வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் தனியாகவே போனாள். பேரம் பேசினாள், சுத்தம் பண்ணித் தரச் சொன்னாள், மீன்காரம்மா வராத நாளில் எங்களிடம் வந்து விசாரித்தாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை இருக்கும், விலை ஏறும், வஞ்சிரம் கண்ணில் படாது. அந்த நாட்களில் நெத்திலி, காரப்பொடி என்று சின்ன மீனுக்குப் பழகச் சொல்.

விலை விஷயத்தில் கண்டிப்பாக இரு. ஆட்டோவுக்கு எவ்வளவு, இளநீர் எவ்வளவு, வேலைக்கு வரும் அம்மாவுக்கு நம் தெருவில் என்ன சம்பளம், இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடு. வேலைக்கார அம்மாவுக்கு நியாயமான சம்பளமும் தீபாவளி போனஸும் வார விடுமுறையும் கண்டிப்பாகக் கொடுக்கச் சொல். மும்மடங்கு கொடுத்தால் தெருவில் பகை வளரும், அவர்கள் போனபின் அந்த அம்மாவுக்கு வேறு வீட்டில் வேலை கிடைப்பது கஷ்டம். பேங்க் கணக்கு திறந்து ஜிபே வரும்வரை பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கச் சொல். 500 ரூபாயை நீட்டினால் கீரைக்காரம்மா என்ன செய்வார், பாவம்.

பிள்ளைகளைத் தொடுவது பற்றி நம்மவர்களிடம் நீதான் பேச வேண்டும். பொன்முடியைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளுவதும், கடற்கரையில் சுற்றி நின்று செல்ஃபி எடுப்பதும் நமக்குப் பிரியம். அந்தக் குழந்தைக்கு அது பயம். கொரியக் குழந்தை ஒன்று வெளியே வரவே மறுத்து வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். 'வேண்டாம்' என்று சத்தமாகச் சொல்ல முதலில் கற்றுக்கொடு. 'வணக்கம்' மெதுவாக வரட்டும். நீயும் மாடிக்குக் கூப்பிடாமல் ஏறாதே, பெல்லை அடித்து நில். சாவி உன்னிடம் இருக்கிறது என்பதற்காகத் திறந்து போகக்கூடாது.

சத்தமும் அவர்களுக்கு முன்னறிவிப்போடு வரட்டும். நம் ஊரில் 1808-ல் கட்டிய கார்மேல் மாதா கோயில் மணி உண்டு, தர்கா பாங்கு உண்டு, ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் கூழும் உண்டு. தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடு. மூன்றுக்கும் ஒருமுறையாவது கூட அழைத்துப் போ. எதற்காக இந்தச் சத்தம் என்று தெரிந்துவிட்டால் அது காதைக் குடையாது.

உடம்புக்கு ஏதாவது என்றால் 108. கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனை இருக்கிறது, பகல் வெளிச்சத்திலேயே ஒருமுறை வழி காட்டிவிடு. தெரு நாய் கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணியில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும். அவர்கள் ஊர் நாய்களுக்கு வெறிநோய் இல்லாததால் 'சின்னக் கீறல்தானே' என்று விட்டுவிடுவார்கள். மழைக்குப் பிறகு செருப்பையும் ஷூவையும் உதறிப் போடச் சொல், பாம்பு, தேள் இரண்டுக்காகவும்தான். புயல் அறிவிப்பு வந்தால் மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி, போனையெல்லாம் சார்ஜ் போட்டு, பிரெட், பால் பவுடர், டார்ச் வாங்கி வைக்கச் சொல். 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம் என்று டிசம்பரில் நாம் பட்டதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. ஜெனரேட்டர் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட நீ கவனிக்க வேண்டியது அந்த அம்மாவை. கணவருக்கு ஆபீஸ், பிள்ளைகளுக்குப் பள்ளி. அவளுக்கு? கணவன் விசாவை ஒட்டி வருகிற மனைவிக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி இருக்காது. அங்கே டீச்சராகவோ நர்ஸாகவோ சம்பாதித்தவள் இங்கே நாலு சுவருக்குள் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். புதுமை தீர்ந்த பிறகு வரும் மாதங்கள்தான் கடினம். அப்போது பலகாரத் தட்டை நீட்டிவிட்டு வந்துவிடாதே, உன்னோடு கூட்டிக்கொண்டு போ. ரேஷன் கடைக்கு, தையல் கடைக்கு, தாம்பரம் மார்க்கெட்டுக்கு. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. அதை உருவாக்கியவர் டெபோரா தியாகராஜன், அமெரிக்காவில் பிறந்து தமிழரைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர். நம் செட்டிநாட்டு வீடுகளும் கைத்தொழில்களும் அழிந்துகொண்டிருப்பதைப் பார்த்து 1984-ல் அறக்கட்டளை தொடங்கி, 1996-ல் அந்த இடத்தைத் திறந்தார். வந்த ஊரில் தனக்கு ஒரு வேலையைத் தானே உண்டாக்கிக்கொண்ட பெண். அந்த அம்மாவை அங்கே கூட்டிப் போய் இந்தக் கதையைச் சொல்.

பிள்ளைகளை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போ. 1976-ல் அதைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகர் நியூயார்க்கில் பிறந்து, சிறுவனாக அம்மாவோடு இந்தியாவுக்கு வந்தவர். பாம்புகளின் மேல் பைத்தியமாகத் திரிந்த பையன். பின்னாளில் இருளர்கள் பாம்புப் பிடிப்பில் வைத்திருந்த அறிவை விஷமுறிவு மருந்துக்குப் பயன்படும் தொழிலாக மாற்றிய கூட்டுறவுச் சங்கம் 1978-ல் அமையத் துணை நின்றார். அந்தச் சங்கம் விஷம் எடுப்பதையும் அங்கேயே காட்டுகிறார்கள். ஊர் மாறி வந்த குழந்தைக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் இட்லி, தேங்காய்ச் சட்னியில் மிளகாய் குறைத்து, நீர்மோர், வாழைப்பழம். போதும். இரண்டாம் நாளிலிருந்து அவர்கள் சமையலறையில் அவர்களே சமைக்கட்டும். பிறகு நீ ரசம் வைக்கச் சொல்லிக்கொடு, அவர்களிடம் ரொட்டி சுடக் கற்றுக்கொள். கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் உறவு நிற்கும்.

அவர்கள் கிளம்பும் நாளுக்கும் இப்போதே யோசித்து வை. பேங்க் கணக்கை மூடிவிட்டுப் போன பிறகு அட்வான்ஸைத் திருப்பி அனுப்புவது பெரிய தலைவலி. அதனால் ஒரு வாரம் முன்பே வீட்டைச் சுற்றிப் பார்த்து, கழிக்க வேண்டியது இருந்தால் எழுதிக் காட்டி, மீதியைக் கணக்கு மூடும் முன் போட்டுவிடு. கடைசி கரண்ட் ரீடிங்கைப் போட்டோ எடுத்து வை. கிளம்பிய தேதியையும் ஆன்லைனில் பதிவு செய். ஃபிரிட்ஜ், கட்டில், சைக்கிள் எல்லாம் விற்பார்கள். முதல் உரிமை வேலைக்கு வந்த அம்மாவுக்கு என்று நீ சொல்லிவிடு.

யூசர் ஐடிக்கு இன்றைக்கு ராத்திரியே விண்ணப்பித்துவிடு. ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்து வை, எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு, நானும் கூட உட்காருகிறேன்.